கயிற்றை விடு!

"தண்ணீர்ப் பக்கம் போகாதே!" தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நம் வீட்டுக் குழந்தைகள் கேட்கும் உபதேசம் இது. குளத்துக்குப் போகாதே, கிணற்றை எட்டிப் பார்க்காதே, அலையில் காலை நனைக்காதே! ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாட்டில், மீனவர் வீட்டுப் பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்குக் கடல் என்பது சுண்டல் வாங்கித் தின்னும் இடமாகவே இருந்து வருகிறது.

பெற்றோர் பயப்படுவதில் தப்பே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். பயம் என்றைக்காவது யாரையாவது மிதக்க வைத்திருக்கிறதா? "போகாதே" என்று சொல்லி வளர்த்த பிள்ளை, ஒரு நாள் சிநேகிதர்களோடு போகத்தான் போகிறான். அன்று தண்ணீரைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருக்கும் ஒரே பாடம் "போகாதே" என்பதுதான்!

தண்ணீரோடு பழகவும், அதே சமயம் அதற்கு மரியாதை கொடுக்கவும் கற்றுத் தருகிற வித்தை ஒன்று உண்டு. அதுதான் பாய்மரப் படகு ஓட்டுவது. "அது பணக்காரர்கள் பொழுதுபோக்கு அல்லவா?" என்று கேட்பீர்கள். சிறுவர்களின் படகு பிறந்த கதையைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டீர்கள்.

1947-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பிளாரிடா மாநிலத்தில் கிளியர்வாட்டர் என்று ஒரு கடற்கரை ஊர். பிள்ளைகள் பெட்டிக்குச் சக்கரம் பூட்டிச் சரிவில் உருட்டிப் பந்தயம் விடுவது அந்த நாட்டு வழக்கம். "இதையே தண்ணீரில் செய்தால் என்ன?" என்ற யோசனை மேஜர் கிளிஃபர்ட் மெக்கே என்பவருக்குத் தோன்றியது. கிளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சரைக் கூப்பிட்டார்கள். செலவு 50 டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது நிபந்தனை. கடையில் விற்கும் ப்ளைவுட் பலகையின் நீளம் 8 அடி. ஆகவே படகும் அதற்குள் அடங்கிவிட்டது. கூரான மூக்குக்கு இடமில்லை. முன்பக்கத்தைக் கத்தரித்துவிட்டாற்போல் பெட்டி மாதிரி ஒரு படகு! சிறுவர்களுக்காக முயற்சி எடுத்த சங்கத்தின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்: "ஆப்டிமிஸ்ட்". அதாவது, நல்லதே நடக்கும் என்று நம்புகிறவன்.

அந்தப் பெட்டிதான் இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் சிறுவர்களின் மிதக்கும் பள்ளிக்கூடம். 35 கிலோ எடை, ஒரே ஒரு பாய். 15 வயது வரை அதில் பந்தயம் ஓடலாம்.

பாடம் எப்படி நடக்கிறது, தெரியுமா? முதல் வகுப்பு கரையில். "காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?" என்பதுதான் முதல் கேள்வி. வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கு ஒரு காற்றாகப் பெயர் வைத்த மொழியைப் பேசும் நம்மில், இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? கொடியைப் பார், புகையைப் பார், தண்ணீரின் மேல் ஓடும் சிற்றலையைப் பார், கன்னத்தில் படுவதைக் கவனி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது பாடம்தான் வேடிக்கை. படகைக் கவிழ்க்கச் சொல்கிறார்கள்! மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டி, ஆழமில்லாத இடத்தில், ஆசிரியர் அருகிலிருக்கவே குழந்தை வேண்டுமென்றே படகைச் சாய்க்கிறது. பிறகு சுற்றி நீந்தி வந்து, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பிடித்து ஏறி, தன் எடையாலேயே படகை நிமிர்த்துகிறது. உள்ளே ஏறித் தண்ணீரை இறைத்துக் கொட்டுகிறது. "என்ன நேர்ந்தாலும் படகை விட்டுப் போகாதே" என்பது இங்கே முதல் சட்டம். கவிழ்ந்தால் என்ன செய்வது என்று கை கால்களுக்கே தெரிந்துவிட்டால் பாதிப் பயம் அங்கேயே கரைந்துவிடும்.

அப்புறம் நிஜமான ஓட்டம். சுக்கான் பிடியை இடப்புறம் தள்ளினால் படகு வலப்புறம் திரும்பும். காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். திரும்பும்போது பாயின் அடிக்கழி தலைக்கு மேலே வீசும். குனியாதவனுக்குக் கழியே பாடம் சொல்லிவிடும்!

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. காற்று பலத்து, படகு சாய்ந்து, குழந்தை வெலவெலத்துப் போனால் என்ன செய்வது? பயந்தவர்கள் கையில் இருப்பதை இறுகப் பிடிப்பது இயற்கை. ஆனால் பாய்க்கயிற்றை இறுகப் பிடிக்கப் பிடிக்கப் படகு இன்னும் சாயும். ஆகவே ஆசிரியர் சொல்வது: "கயிற்றை விடு!" விட்ட மாத்திரத்தில் பாய் படபடக்கும், வேகம் அடங்கும், படகு நிமிரும். பிடிப்பதல்ல, விடுவதே இங்கே பிரேக்.

இதில் இன்னொரு விசேஷம்: படகில் குழந்தை தனியாகத்தான் இருக்கிறது. ஆசிரியர் மோட்டார் படகில் கூடவே வருவார். ஆபத்து என்றால் பாய்ந்து வருவார். ஆனால் சுக்கானைத் தொடமாட்டார். ஏழெட்டு வயதுக் குழந்தை தானே பார்த்து, தானே தீர்மானித்து, தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ளும் இடம் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? பள்ளிக்கூடத்திலும் இல்லை, நம் வீட்டிலும் இல்லை.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் நான்கு பாய்மரப் படகோட்டிகள் போட்டியிட்டார்கள். அவர்களில் நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர் ஆகிய மூவரும் சென்னைக்காரர்கள். படகோட்டத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா, பள்ளி நாட்களில் கோடை முகாம் ஒன்றில்தான் இந்த வித்தையைத் தொடங்கினார். கடல் இருந்தால்தான் முடியும் என்றும் இல்லை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய நேஹா தாக்கூர், மத்தியப் பிரதேசத்து விவசாயி மகள். போபால் ஏரியில் பழகியவர்!

கோடை விடுமுறைக்கு முகாம் தேடும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். நீந்தத் தெரிகிறதா என்று முதலில் சோதிக்கிறார்களா? மிதவைச் சட்டை உடம்புக்குப் பொருத்தமாகக் கிடைக்குமா? மீட்புப் படகு எப்போதும் பக்கத்தில் இருக்குமா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் தைரியமாக அனுப்புங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் திரும்பிப் பாராமல் வந்துவிடுங்கள்.

அனுப்பிய பிறகு கரையில் நின்றுகொண்டு, "ஜாக்கிரதை! இந்தப் பக்கம் திருப்பு! அந்தப் பக்கம் திருப்பு!" என்று மட்டும் கத்தாதீர்கள். காற்றில் அது குழந்தையின் காதில் விழாது. விழுந்தாலும் அதற்குத் திசை உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். கயிற்றை விட வேண்டிய நேரம் பெற்றோருக்கும் உண்டு அல்லவா?