ரப்பரைக் கொஞ்ச நாள் ஒளித்து வையுங்கள்

குதிரை வரையப் பழகுகிறவர்கள் கொஞ்ச நாளைக்கு ரப்பரை ஒளித்து வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அறுபதுக்கு மேல் பென்சிலை எடுக்கும் நம் போன்றவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். பேப்பர் வீணாகிறதே என்று தப்பான கோட்டைத் தேய்த்துத் தேய்த்து அழிக்கிறோம். பிறகு அதே இடத்தில் அதே கோட்டைத்தான் மறுபடி போடுகிறோம். தப்பைத் திருத்த அது கண் முன்னால் இருக்க வேண்டாமா?

பின்னங்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருப்பதை முழங்கால் என்று நினைத்துத்தான் பலரும் வரைகிறார்கள். அது கணுக்கால், துருத்துவது குதிகால் எலும்பு. உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. முன்னங்காலில் முழங்கால் என்று நாம் நினைப்பதோ மணிக்கட்டு. அதாவது, குதிரை தன் நடுவிரல் நகத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறது! இது தெரியாமல் எத்தனை தடவை அழித்தாலும் நாற்காலிக் கால்தான் வரும். தப்பாக வந்த காலின் மேலேயே, அழுத்தமான 4பி பென்சிலால் எலும்புகளைச் சரியான இடத்தில் போட்டுப் பாருங்கள். எங்கே சறுக்கியது என்று பளிச்சென்று தெரியும்.

பெரிய கைகளும் சறுக்கியிருக்கின்றன. ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ், செத்த குதிரைகளை மாதக்கணக்கில் அறுத்துப் பார்த்து வரைந்து, 1766ல் குதிரையின் உடற்கூறு பற்றிப் புத்தகமே போட்டவர். அந்த நாற்றத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. அவரும் ஓடும் பந்தயக் குதிரையை, முன்கால் முன்னாலும் பின்கால் பின்னாலும் நீட்டிப் பறப்பதாகத்தான் தீட்டினார். பிரெஞ்சுக்காரர் ஜெரிக்கோ 1821ல் வரைந்த எப்சம் பந்தயப் படத்திலும் அதே பறத்தல்தான்.

1878ல் கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம் எடுத்த பிறகுதான் குட்டு உடைந்தது. பாய்ச்சலில் நாலு காலும் தரையை விட்டு எழுவது உண்மை. ஆனால் அப்போது அவை நீண்டு கிடப்பதில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கின்றன. மைப்ரிட்ஜின் பெரிய தொகுப்பு 1887ல் வந்தபோது டெகாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குதிரைப் பந்தயப் படங்களுக்கு ஏற்கெனவே பெயர் போனவர், அந்தப் புகைப்படங்களைப் பார்த்து வரைந்து பழகினார். ஜெரிக்கோவின் படம் எனக்கு இன்றும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

பேப்பர் செலவுதான் கவலை என்றால், பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும். வழவழப்பான தாளில் மட்டும் பென்சில் பிடிக்காது, பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் தேதி போட மறக்க வேண்டாம்.