நஞ்சும் தானியமும் ஒரே வண்டியில் ஏறலாமா?

முசிறி வட்டாரத்தில் நெல்லும் வாழையும் பயிரிடும் மிராசுதார்களுள், பூச்சிமருந்தை எவ்வளவு நீரிற் கலப்பது என்று விசாரிப்போர் பலர். அம்மருந்து கடையிலிருந்து வீடு வந்து சேரும் விதத்தைப்பற்றி விசாரிப்போரோ மிகச் சிலர். அதைக் குறித்தே ஈண்டுச் சில கூற விரும்புகிறோம்.

1958-ம் வருஷத்தில் கேரளத்திற்குக் கோதுமை மாவு கொண்டுவந்த கப்பலிலேயே, பாரத்தியான் என்னும் கொடிய பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. மருந்து கசிந்து மாவிற் கலந்தது. அம்மாவினாற் செய்த பண்டங்களை உண்டவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் மருந்து தெளித்தவர்களல்லர், பசிக்கு உண்டவர்கள். நஞ்சையும் உணவையும் அருகருகே அடுக்கியதே அவ்வளவு உயிர்களுக்கும் எமனாயிற்று. நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் இந்திய சர்க்கார் விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தனர். 1968-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது இதன்பின்னரே.

அபாயகரமான சரக்குகளை எல்லாத் தேசத்தாரும் ஒரே முறையில் அடையாளம் காணவேண்டும் என்பதற்காக, ஐக்கிய நாட்டுச் சபையின் நிபுணர் குழு 1956-ல் தன் முதற் சிபார்சுகளை வெளியிட்டது. அதன் முறைப்படி இச்சரக்குகள் ஒன்பது வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வெடிமருந்து முதல் வகுப்பு, சமையல் வாயு இரண்டாவது, பெட்ரோல் போன்ற எரியும் திரவங்கள் மூன்றாவது, நஞ்சு ஆறாவது, அரிக்கும் திராவகங்கள் எட்டாவது. ஒவ்வொரு சரக்குக்கும் நான்கு இலக்கமுள்ள எண் உண்டு. சாய்சதுரச் சீட்டில் மண்டையோட்டைக் கண்டால், எழுத்தறியாத துறைமுகத் தொழிலாளியும் அதை உணவுச் சரக்கினின்று விலக்கி வைப்பான்.

நம் நாட்டில், மருந்துப் புட்டியிலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பாயின் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சளாயின் அதற்கு அடுத்தது. நீலமும் பச்சையும் முறையே அவற்றினும் குறைந்தவை. உணவுப் பொருளையோ கால்நடைத் தீவனத்தையோ தொடும்படி பூச்சிமருந்தை ஏற்றவும் வைக்கவும் கூடாதென்று 1971-ம் வருஷத்து விதிகள் கண்டிப்பாய்க் கூறுகின்றன.

கப்பலிலும் ரயிலிலும் இவ்விதிகளைக் கவனிக்க அதிகாரிகள் உளர். முசிறியிலிருந்து தொட்டியத்திற்கோ தாத்தையங்கார்பேட்டைக்கோ செல்லும் சிறு சரக்கு வண்டியில் கவனிப்பவர் யார்? அரிசி மூட்டை, அதன்மேல் புண்ணாக்கு, அதற்கும் மேல் மருந்துப் புட்டி என்று ஏற்றிச் செல்வதைத் தடுப்பவர் எவருமில்லை. உலகமெல்லாம் கூடி வகுத்த ஏற்பாடு, நம் ஊர் எல்லைக்குச் சில மைல் முன்னரே அறுந்துபோகிறது.

“ஒரு லிட்டர் புட்டிக்கு இத்தனை விதியா?” என்று கேட்போர் உண்டு. சிறு பொதிகளுக்குச் சர்வதேச விதிகளிலும் சில சலுகைகள் உண்டென்பது மெய்யே. ஆனால் புட்டி பழுதின்றியும் சீட்டுடனும் இருக்கும் என்ற நம்பிக்கையிலேயே அச்சலுகை அளிக்கப்படுகிறது. மருந்தைச் சோடாப் புட்டியில் ஊற்றி வாங்கிவருபவருக்கு அது பொருந்தாது. உணவைத் தொடலாகாது என்ற நம் நாட்டு விதியிலோ அளவைப்பற்றிய விலக்கு எதுவும் இல்லை.

இதற்குத் தனி வண்டி வேண்டியதில்லை. மூடியுள்ள தனிப் பெட்டி ஒன்று போதும். அதை மூட்டைகளின்மேல் ஏற்றாமல், வண்டியின் தளத்தில் ஒதுக்கமாய்க் கட்டவேண்டும். மருந்து சிந்திய தானியத்தைக் கழுவி உலர்த்திச் சமைப்பதும், மாட்டுக்கு இடுவதும், விற்பதும் பெரும் பாதகம். அதிகாரிகள் பரிசோதித்துச் சொல்லும்வரை அது உணவாகாது. ஒரு மூட்டை நெல்லின் விலையைக் கருதித் தயங்குவோர் கேரளத்தை நினைத்துக்கொள்வார்களாக.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. மருந்தும் ரேஷன் அரிசியும் ஒரே கூரையின்கீழ் இருக்குமாயின், மருந்துக்குத் தனி அறையும் பூட்டும் அமைப்பதை அடுத்த மாதத்திற்கு ஒத்திவைக்கலாகாது. சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் கிராமத்தின் கண் விழித்திருத்தல் வேண்டும்.