கேட்டு உண்பது மரியாதைக் குறைவன்று



உம்ராவுக்கோ, வளைகுடாவில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணவோ புறப்படும் வீடுகளில் பாஸ்போர்ட்டும் விசாவும் பலமுறை சரிபார்க்கப்படுகின்றன. ஆனால், எள்ளோ கடலையோ ஒவ்வாத ஒருவர் அக்குடும்பத்தில் இருந்தால், அவருடைய உணவை மட்டும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறோம்.

நம்மூர் எள்ளுருண்டை கண்ணுக்குத் தெரியும், விலகிக்கொள்ளலாம். அரபு உணவிலோ எள் அரைபட்டு மறைந்திருக்கும். ஹும்முஸில் சேரும் தஹீனா என்பது எள் விழுதே. ஹலாவாவும் பெரும்பாலும் அதனால் ஆனதே. ரொட்டியின்மேல் தூவும் ஸஅதரிலும் எள் உண்டு. கப்ஸாச் சோற்றில் பாதாமும், மஃமூல் பணியாரத்தினுள் பிஸ்தாவும் இருக்கலாம்.

ஆகவே சில சொற்களை மனனம் செய்துகொள்ளுங்கள். ஒவ்வாமைக்கு அரபியில் ‘ஹஸாஸிய்யா’ என்பர். எள் ‘சிம்சிம்’, நிலக்கடலை ‘ஃபூல் சூதானி’, பாதாம் ‘லவ்ஸ்’, பால் ‘ஹலீப்’. இவற்றை அரபி எழுத்தில் ஓர் அட்டையில் எழுதித் தருமாறு உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். பரிமாறுபவர் அரபியராக இல்லாமலும் இருக்கலாம். எனவே ஆங்கிலத்திலும் உருதுவிலும் எழுதிக்கொள்வது நலம்.

மருத்துவர் அட்ரினலின் ஊசி தந்திருந்தால், இரண்டாக வாங்கி, அவருடைய கடிதத்துடன் கைப்பையிலேயே வையுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தில் விடாதீர்கள். இஹ்ராம் உடையில் பையில்லை என்று அறையில் விட்டுச் செல்லாமல், இடுப்புப் பட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறினால் ஒவ்வாமை மாத்திரை மட்டும் போதாது. தொடையின் வெளிப்புறத்தில் ஊசியைத் தாமதமின்றிப் போட வேண்டும். உடன் வருபவரும் அம்முறையை அறிந்திருக்கட்டும். சவூதியில் ஆம்புலன்ஸுக்கு 997 என்ற எண்ணை அழைக்கலாம்.

இவற்றையெல்லாம் செய்தவர்கூடத் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. நோன்பு திறக்கும் விரிப்பில் அறிமுகமற்ற ஒருவர் அன்போடு நீட்டும் பண்டத்தை எப்படி மறுப்பது? நபி (ஸல்) அவர்கள் முன் சுட்ட உடும்பு வைக்கப்பட்டபோது, அது தமக்குப் பழக்கமில்லாததால் கையை எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை உண்டபோது தடுக்கவுமில்லை. மறுப்பதற்கும் ஓர் அழகு உண்டென்பதை இதிலிருந்து அறிகிறோம்.

எனவே, ‘ஹஸாஸிய்யா’ என்று புன்முறுவலோடு சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லப் பழக்குங்கள். அன்போடு விருந்தளித்தவர், தம் உணவால் ஓர் உயிர் துடிப்பதைக் காண ஒருபோதும் விரும்பமாட்டார்.