ஆகாயத்துக்கு யார் தீட்சிதர்?

ஆகாயத்துக்குத் திரை போட்டு வைத்திருக்கும் ஊர் சிதம்பரம். ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத் தலமாம். நடராசருக்குப் பக்கத்தில் தொங்கும் திரையை விலக்கினால் பொன்னால் செய்த வில்வ மாலை தெரியும். அதற்குப் பின்னால் வெறும் வெளி. அந்த வெறும் வெளிதான் கடவுள், அதுதான் சிதம்பர ரகசியம் என்பார்கள். தத்துவமாகக் கேட்டால் நன்றாகவே இருக்கிறது. நமது கேள்வி வேறு. உலகத்தில் யாராலும் பூட்டி வைக்க முடியாத ஒன்று வானம். அதற்கும் ஒரு திரை, திரையை விலக்க ஒரு சாதி, பார்க்க ஒரு நேரம், நிற்க ஓர் எல்லை என்று ஏற்பாடு செய்துவிட்டார்களே, எப்படி?

எல்லை என்று சும்மா சொல்லவில்லை. கோயில் நிர்வாகம் தீட்சிதர்களிடமே இருக்கலாம் என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 பிப்ரவரியில் கனகசபையில் ஏறி வழிபட முயன்ற ஒரு தலித் பெண்ணைத் தடுத்ததாகத் தீட்சிதர்கள் 20 பேர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்தச் சில படிகளில் பொதுமக்கள் ஏறலாம் என்று சொல்வதற்கு அந்த ஆண்டு மே மாதம் ஓர் அரசாணை தேவைப்பட்டது. படி ஏறுவதற்கு அரசாணை! நிலாவில் மனிதன் இறங்கி 53 ஆண்டுகள் ஆன பிறகு.

நந்தனார் கதையைப் பக்திக் கதையாகச் சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். சற்றுத் தள்ளி நின்று படித்தால் அது தொடக்கம் முதல் முடிவு வரை பார்வையைப் பற்றிய கதை. திருப்புன்கூரில் வெளியே நின்ற நந்தனுக்கு நந்தி மறைத்தது. சிவன் சொல்லி நந்தி விலகியதாம். மாடு நகர்ந்தது, வாசல் திறக்கவில்லை. தில்லையில் அதுவும் கிடையாது. தீயில் இறங்கி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஒரு மனிதன் கேட்டது ஒரே ஒரு பார்வை. அதற்கு விலை உடம்பு.

இப்போது இந்தத் திரைக்கு அறிவியல் சாயம் பூசுகிறார்கள். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வந்திருக்கும்: நடராசரின் பெருவிரல் இருக்கும் இடம்தான் உலகக் காந்தப்புலத்தின் மையம், பூமியின் காந்த நடுக்கோடு சிதம்பரம் வழியாகப் போகிறது, நாசாவே வியந்தது, இத்யாதி. காந்த நடுக்கோடு இந்தியாவில் எங்கே என்று அறிய நாசாவிடம் போக வேண்டாம். 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய இடம் தும்பா, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து மீனவர் கிராமம். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காகத்தான் அந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அதே காரணத்துக்காகத் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருக்கிறது. அந்தக் கோடு ஓர் இடத்தில் நிற்பதும் இல்லை, ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. பெருவிரலும் கூடவே நகருமா?

அடுத்தது தீர்க்கரேகை. காளத்தி, காஞ்சி, தில்லை மூன்றும் ஒரே கோட்டில். சரிதான், மூன்றும் கிட்டத்தட்ட 79 பாகை 41 கலையில்தான் இருக்கின்றன. ஆனால் ஐம்பூதத்தில் மீதி இரண்டு? திருவண்ணாமலை அந்தக் கோட்டுக்கு மேற்கே சுமார் 65 கி.மீ., திருவானைக்கா 100 கி.மீ.க்கும் மேல். ஐந்தில் இரண்டு தவறினால் எந்தப் பள்ளியிலும் முழு மதிப்பெண் தரமாட்டார்கள். அதே கோடு எத்தனையோ சேரிகள் மீதும், சுடுகாட்டுக்குப் பாதையில்லாத காலனிகள் மீதும் போகிறது. அவற்றை எந்த வாட்ஸ்அப் செய்தியும் காந்தப்புலத்தில் சேர்ப்பதில்லை.

ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் நடராசர் சிலை நிற்கிறதே என்பார்கள். நிற்கிறது. 2004-இல் இந்திய அரசு பரிசாகக் கொடுத்தது. பரிசாகக் கொடுத்த சிலையைக் காட்டி ‘பார், அவர்களே வைத்திருக்கிறார்கள்’ என்பது, நாம் எழுதிய சிபாரிசுக் கடிதத்தை நாமே வாசித்துக் கைதட்டிக்கொள்வது.

இந்த வியாதி பழையது. விண்மீன்களின் ஒளியைப் பிரித்துப் படிக்க உலகம் இன்றும் பயன்படுத்தும் அயனியாக்கச் சமன்பாட்டை 1920-இல் தந்தவர் மேகநாத் சாஹா. டாக்கா பக்கத்துக் கிராமத்தின் சிறு கடைக்காரர் மகன், ‘கீழ்ச்சாதி’. கல்கத்தா விடுதியில் உடன் படித்த மேல்சாதி மாணவர்கள் அவரைச் சாப்பாட்டுப் பந்தியில் ஒதுக்கி வைத்தார்கள். பின்னாளில் அவர் தன் ஆய்வை டாக்காவில் ஒரு வழக்கறிஞருக்கு விளக்கினாராம். அந்த மனிதர் திரும்பத் திரும்ப, ‘இதில் புதிதாக என்ன, எல்லாம் வேதத்தில் இருக்கிறது’ என்றாராம். வேதத்தில் எங்கே என்று கேட்டால், தான் வேதம் படித்ததில்லை என்று பதில். சாஹா இதை வங்காளியில் கிண்டலாக எழுதி, பிறகு வந்த கண்டனங்களுக்கும் விடாமல் பதில் சொன்னார். தந்தை பெரியாரை நாம் படிக்கிற அளவுக்கு இந்த மனிதரையும் படித்தால் நல்லது.

சரி, திரையை விலக்க என்ன வழி? தொலைநோக்கி. கோளரங்கம். மேடைப்பேச்சைவிட இவை நன்றாக வேலை செய்யும் இடங்கள் உண்டு.

சிரிக்க வேண்டாம். தோழர்களிடம் இதைச் சொன்னால் ஒரு புன்னகை வரும்: ‘மலக்குழியில் சாகிறார்கள், நீங்கள் நட்சத்திரம் எண்ணச் சொல்கிறீர்களா?’ வான்நோக்கு என்பது கார் வைத்திருக்கும் நகரத்துப் பையன்களின் வார இறுதிப் பொழுதுபோக்கு என்று நாமே முடிவு செய்துவிட்டோம். கிரகணத்தன்று பொது இடத்தில் பந்தி போட்டுச் சாப்பிட்டு மூடநம்பிக்கையை உடைக்கிறோம். மிக நல்லது. 2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணத்துக்குத் திருப்பதி வரை கோயில்கள் நடை சாத்தியபோது அப்படிச் செய்தவர்களுக்கு என் வணக்கம். ஆனால் கிரகணம் முடிந்ததும் நாற்காலியை மடக்கிவிடுகிறோம். மற்ற 360 இரவுகளையும் சோதிடரிடம் விட்டுவிடுகிறோம்.

அந்த இரவுகளில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கும்பத்துக்குச் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20. ஒரே சனி, ஒரே வானம், இடையில் பதினோரு மாதம். இரண்டுக்கும் பரிகாரம் நடந்தது, இரண்டுக்கும் தட்சணை வாங்கப்பட்டது. அந்தப் பதினோரு மாதத்தில் எந்த ஒரு தெளிவான இரவிலாவது கூலி வேலைக்குப் போகும் நம் அம்மாவைச் சாதாரணத் தொலைநோக்கி ஒன்றின் முன்னால் நிறுத்தியிருந்தால், வளையத்தோடு தொங்கும் அந்தச் சின்ன மஞ்சள் பந்தைத் தன் கண்ணால் பார்த்திருப்பார். 2025 மார்ச்சில் அந்த வளையம் நமக்கு விளிம்பைக் காட்டியதால் கண்ணுக்கே தெரியாமல் போனது, இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும் என்று சொல்லியிருக்கலாம். பார்த்துவிட்டால் எள் தீபத்தை நிறுத்திவிடுவாரா? அவ்வளவு எளிதாக எதுவும் நடக்காது. ஆனால் அடுத்த முறை சோதிடர் வாய் திறக்கும்போது, சனியை நேரில் பார்த்தவர் அந்த இடத்தில் அவர் ஒருவர்தான்.

நமக்கு எட்டும் கோளரங்கங்கள் எவை? கடலூர்க்காரருக்குப் பக்கத்தில் இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில் உள்ள அப்துல் கலாம் அறிவியல் மையக் கோளரங்கம். அடுத்து திருச்சி அண்ணா அறிவியல் மையம், பிறகு 1988-இல் திறந்த சென்னைக் கோட்டூர்புரத்து பிர்லா கோளரங்கம். இருட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் கூரை முழுக்க வானம் சுற்றும். மதியம் மூன்று மணிக்கு நள்ளிரவைக் காட்டும் அந்த அரங்கில் குழந்தைகள் எழுப்பும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். ஆனால் சுற்றுலாப் பேருந்து வைத்து அழைத்துப் போகும் பள்ளிகள் எவை? காட்டுமன்னார்கோவில் பக்கத்து ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலிருந்து கோட்டூர்புரத்துக்கு ஒரு நாள் போய்வர, பேருந்துக் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியும் போகும். பிள்ளையைக் கூட்டிப்போகும் தாய் அன்று வயலுக்குப் போக முடியாது.

கோளரங்கத்தில் பார்ப்பது படம். அசல் வானத்துக்குக் காவலூர் இருக்கிறது. ஜவ்வாது மலையில் உள்ள அந்த வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே செய்யப்பட்டு 1986-இல் வைணு பாப்பு பெயரைப் பெற்றது. யுரேனசுக்கு வளையம் உண்டு என்பதற்கான தடயத்தை 1977 மார்ச் 10 அன்று பதிவு செய்த இடங்களில் ஒன்று அந்த மலை. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் போகவும், இருட்டிய பின் மலை இறங்கித் திரும்பவும் சொந்த வண்டி வேண்டும். அந்த மலையின் மக்கள் யார்? மலையாளிப் பழங்குடிகள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 தமிழ்த் தொழிலாளர்களில் பலர் இதே ஜவ்வாது மலைக்காரர்கள். கோள்களின் வளையம் தெரிகிற மலையிலிருந்து, பிழைக்க வழியில்லாமல் மரம் வெட்டப் போனவர்கள். வானாய்வகத்தை இதற்குக் குற்றம் சொல்லவில்லை. உச்சியில் உலகத் தரம், அடிவாரத்தில் பட்டினி என்பது இந்த நாட்டின் அறிவியலுக்குப் பழகிப்போன காட்சி, அவ்வளவுதான்.

தொலைநோக்கி தானாகச் சாதியை ஒழித்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், ஊரும் காலனியும் சேரும் முனையில் நாங்கள் ஒரு மாலை தொலைநோக்கி வைத்தோம். காலனிப் பிள்ளைகள் முதலில் வந்து நிலாவைப் பார்த்தார்கள். பிறகு ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் தோள்துண்டால் கண் வைக்கும் லென்ஸைத் துடைத்தார். ‘தூசி’ என்றார். பின்னால் நின்ற ஏழாம் வகுப்புப் பெண் சத்தமாகச் சொன்னாள்: “தாத்தா, தொடச்சா கோடு விழுந்துடும். எங்க கண்ணுல தூசி இல்ல.” இரட்டைக் குவளை இப்படியும் வரும். ஆனால் கண் ஒட்டும் இடம் அங்கே ஒன்றுதான். அதைத் தவிர்க்க வேண்டுமானால் நிலாவைத் தவிர்க்க வேண்டும். துடைத்தாலும் அவர் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது நம் வீட்டுக் கல்யாணங்களிலும் புகுந்துவிட்டது. காலை முகூர்த்தத்தில், பட்டப்பகலில், மண்டபத்துக் கூரையைக் காட்டி ‘தெரிகிறதா’ என்பார் ஐயர். தெரிகிறது என்று எல்லோரும் பொய் சொல்வோம். திருமண வாழ்க்கை தொடங்குவதே பொய்யில். இரவில் பார்த்தால் என்ன தெரியும்? சப்தரிஷி மண்டலத்தின் வால் நடுவில் வசிட்டர், ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவு. சிறிய தொலைநோக்கியிலேயே வசிட்டர் இரண்டாகப் பிரிவார். வானியலாளர்கள் இன்னும் நுணுக்கிப் பார்த்ததில் அவர் நால்வர், அருந்ததி இருவர். கற்புக்குச் சாட்சியாக நிறுத்திய இணைக்குள் ஆறு பேர்! வசிட்டனை மணந்த அட்சமாலை இழிபிறப்பினள் என்று மனு எழுதி வைத்திருக்கிறான். அவளையே அருந்ததி என்பவர்களும் உண்டு. வானத்தில் அவளை வணங்குவார்கள். அவள் பெயரைத் தாங்கிய மக்களை மலக்குழிக்குள் இறக்குவார்கள். அந்த மக்களின் பிள்ளைகள் அருந்ததியை லென்ஸ் வழியாகப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ரோகித் வெமுலா கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர். 2016 ஜனவரி 17-க்குப் பிறகு அவர் கடிதத்தைப் பதாகையாக ஏந்தினோம். அதில் விண்மீன்கள் இருக்கின்றன. கூட்டங்களில் நாம் அந்தப் பகுதியை உருவகம் என்று கடந்துவிடுகிறோம். அவருக்கு அது உருவகம் இல்லை, ஆசை.

செலவு என்று சொல்பவர்களுக்கு ஜான் டாப்சனைக் காட்டுவேன். கலிபோர்னியாவில் வேதாந்த மடத்துத் துறவியாக இருந்தவர். மடத்துக்குத் தெரியாமல் தொலைநோக்கி செய்துகொண்டிருந்தார், 1967-இல் வெளியே அனுப்பப்பட்டார். அட்டைக் குழாய், ஒட்டுப்பலகை, கையால் தேய்த்த கண்ணாடி என்று மலிவாகச் செய்து, சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் நிறுத்தி, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அந்த வடிவத்துக்கே இன்று அவர் பெயர்.

நமது கடற்கரைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கடலூரிலிருந்து வடக்கே அடிவானத்துக்கு மேல் துருவ மீனும் தெரியும், சித்திரை வைகாசி இரவுகளில் தெற்கே சிலுவை மண்டலமும் தெரியும். லண்டன்காரருக்குச் சிலுவை கிடையாது, சிட்னிக்காரருக்குத் துருவ மீன் கிடையாது. தேவனாம்பட்டினத்திலோ சாமியார்பேட்டையிலோ கடலைப் பார்த்து நின்றால் கிழக்கில் பாதி வானம் இருட்டு.

தமிழக அரசிடம் கடலூர் மாவட்டத்துக்கு ஒரு கோளரங்கம் கேட்போம். 1929-இல் தொடங்கி 2013 முதல் அரசின் கையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மாதம் ஓர் இரவு தன் மைதானத்தைப் பொதுமக்களுக்குத் திறக்கட்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நந்தன் தீக்குளித்ததாகச் சொல்லும் ஓமக்குளத்தில், 1916-இல் சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் பள்ளி இருக்கிறது. முதல் தொலைநோக்கி அங்கே நிற்க வேண்டும். தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம், மைதானத்து விளக்குகளை இரண்டு மணி நேரம் அணைக்க ஒரு மனு. நாள் குறிக்கும்போது முழுநிலவை விட்டுவிடுங்கள், கண் கூசும்; பள்ளங்களின் நிழல் தெரிய வளர்பிறை ஏழாம் எட்டாம் நாள்தான் சரி. அதற்குப் பஞ்சாங்கம் தேவையில்லை, அண்ணாந்து பார்த்தாலே தெரியும்.