அம்மா பார்த்த அலையாத்திக் காடு



பயணம் குறித்து இப்பகுதியில் எழுதும்போதெல்லாம் கடிதங்கள் சற்று அதிகமாகவே வருகின்றன. சென்ற மாதம் வந்தவற்றுள் ஒரு சகோதரியின் கடிதம் என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. "ஊர் ஊராகச் சென்று வந்ததை எழுதுகிறீர்கள். படிக்க இன்பமாகத்தான் இருக்கிறது. தங்கள் வீட்டுப் பெண்களை எங்கே அழைத்துச் சென்றீர்கள் என்று மட்டும் ஒருநாளும் எழுதவில்லையே?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. ஆயினும் சொல்லிவிடுகிறேன்.

மதரஸாவுக்கு வருமுன் வரலாற்றில் பி.ஏ. படித்தவன் நான். அந்தப் பழக்கம் விடவில்லை. பாடம் முடிந்து நேரம் மிஞ்சினால் மாணவர்களுக்கு இப்னு பதூதாவின் கதையைச் சொல்வேன். 1325ஆம் ஆண்டு, 21 வயதில், ஹஜ்ஜை நாடி மொராக்கோவின் தான்ஜியர் நகரிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்ட அந்த மனிதர், ஊர் திரும்ப 24 ஆண்டுகளாயின. இடையில் நம் சோழமண்டலக் கரைக்கும் வந்தார். இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறிவிட்டு, 1344ஆம் ஆண்டையொட்டிக் கப்பலில் வந்தவரின் கலம் கரைக்கருகே சிக்கி உடைந்தது. உடன் வந்தவர்களைக் கட்டுமரம் போன்ற ஒரு மிதவையில் முன்னே அனுப்பிவிட்டு, இரவெல்லாம் அவர் கலத்தின் பின்புறத்திலேயே கிடந்தார். விடிந்ததும் படகேறி வந்து அவரைக் கரை சேர்த்தவர்கள் இம்மண்ணின் மாற்று மதச் சகோதரர்கள்.

பின்னர் மதுரை சுல்தானைச் சந்தித்தார். அந்த சுல்தான் தமக்கு உறவினராயிருந்தும், சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் அவர் கொன்ற கொடுமையை மறைக்காமல் கண்டித்து எழுதினார். பத்தன் என்ற துறைமுகத்தில் கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலையும், திராட்சையையும், மாதுளையையும் கண்டதாகக் குறித்திருக்கிறார். அத்துறைமுகம் எது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பரங்கிப்பேட்டை நண்பர் ஒருவர் அது தங்கள் ஊர்தான் என்று என்னிடம் வாதாடினார். நான் மறுக்கவில்லை. அப்போது அவர் வீட்டு விருந்தில் அமர்ந்திருந்தேன்.

இதையெல்லாம் ஒருநாள் சொல்லி முடித்தபோது, பின்வரிசையிலிருந்த சிறுவன் எழுந்து, "அவரோட அம்மா என்ன ஆனாங்க ஹஜ்ரத்?" என்றான். அதுவரை எவரும் கேளாத வினா. 1348இல் டமாஸ்கஸ் வந்தபோதுதான் தம் தந்தை இறந்து 15 ஆண்டுகளாகிவிட்டன என்பது இப்னு பதூதாவுக்குத் தெரிந்தது. மறு ஆண்டு ஊரை நெருங்கும்போது, தாயும் சில மாதங்களுக்கு முன் கொள்ளைநோயில் மறைந்துவிட்டார் என்ற செய்தி வழியிலேயே எதிர்கொண்டது. இதைச் சொல்லிவிட்டு வகுப்பை முடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

என் அத்தா சிங்கப்பூரில் மளிகைக்கடை வேலைக்குச் சென்றவர். 1984இல் சென்னையில் கப்பலேறினார். கப்பலின் பெயர் எம்.வி. சிதம்பரம். மறு ஆண்டு அது நடுக்கடலில் தீப்பற்றியது. அத்துடன் அந்தக் கப்பற்பயணமே முடிந்துபோயிற்று. அத்தா அனுப்பிய நீலநிற விமான அஞ்சல்களைப் படித்துப் படித்தே அம்மா சிங்கப்பூரை அறிந்திருந்தார். சிராங்கூன் சாலையில் எந்தப் பக்கம் தேக்கா சந்தை, தெலுக் ஆயர் வீதியில் 1830இல் கட்டி முடித்த நாகூர் தர்கா எப்படியிருக்கும் என்றெல்லாம் சொல்வார். ஆனால், அவர் தம் கால்களால் சென்ற தொலைவு? நாகூருக்கு இருமுறை. மருத்துவத்துக்காகச் சென்னைக்கு ஒருமுறை. அவ்வளவே. நானோ மாணவர்களோடு பிச்சாவரத்துக்கு மட்டும் நான்குமுறை சென்று வந்திருந்தேன். அது எங்கள் குறிஞ்சிப்பாடியிலிருந்து 50 கிலோமீட்டர்கூட இல்லை.

அடுத்த ஜனவரியில், மழை ஓய்ந்த ஒரு வெள்ளிக்கு முந்திய நாள், விடுப்பெடுத்துக்கொண்டு அம்மாவையும் மனைவியையும் வாடகைக் காரில் அழைத்துச் சென்றேன். புவனகிரி, சிதம்பரம், கிள்ளை. காலை எட்டு மணிக்குப் படகுத்துறையில் நின்றோம். அங்கேதான் சிக்கல். படகில் இறங்க ஓர் எட்டு வைக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் இடங்கொடுக்கவில்லை. "நான் கரையிலேயே இருக்கேம்ப்பா. நீங்க போயிட்டு வாங்க" என்றார். இந்தச் சொற்களை அம்மா வாழ்நாளெல்லாம் சொல்லி வந்திருக்கிறார். நாங்களும் ஒவ்வொரு முறையும் அப்படியே போய்விட்டு வந்திருக்கிறோம். படகோட்டிதான் படகைத் திருப்பிப் படியோடு ஒட்டி நிறுத்தி, "என் தோள்ல கை வெச்சுக்குங்கம்மா" என்றார். அம்மா ஒருகணம் தயங்கி, தாவணியைச் சரிசெய்துகொண்டு, மருமகளின் கையையும் துடுப்பையும் பற்றி இறங்கிவிட்டார்.

வாசகர்களே, பிச்சாவரம் செல்வோர் விசைப்படகைத் தேடாதீர்கள். துடுப்புப் படகே குறுகிய கால்வாய்களுக்குள் நுழையும். அங்கே இருபுறமும் சுரபுன்னை மரங்கள் வேர்களை ஊன்றுகோல்போல் நீரில் இறக்கி நிற்கும். கிளைகள் தலைக்குமேல் கூடிப் பந்தலிடும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்குமிடத்தில் இக்காடு வளர்ந்திருக்கிறது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது, இம்மரங்களுக்குப் பின்னிருந்த குப்பங்களில் சேதம் குறைந்தது என்பதை உலகமே பேசியது.

நான் இவற்றையெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தேன். அம்மா கேட்டதாகத் தெரியவில்லை. கையை நீரில் விட்டபடி வந்தவர், திடீரென்று சொன்னார்: "ஒங்க அத்தா போன கப்பலு பேரு சிதம்பரம். அந்தச் சிதம்பரத்துக்குப் பக்கத்துலயே இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலியே."

நான் மறுமொழி கூறவில்லை. படகோட்டி துடுப்பைச் சற்று நிறுத்தினார்.

மாலையில் பரங்கிப்பேட்டை சென்றோம். என் உள்ளத்துக்கு மிக நெருங்கிய இடம் அது. அஸர் தொழுதுவிட்டு வெள்ளாற்று முகத்துவாரத்தில் நின்றால், திரும்பும் படகுகளைப் பார்த்துக்கொண்டே மஃரிபு வரை இருக்கலாம். மஹ்மூது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் பெயர் பெற்ற துறை. 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரிடம் இங்கே தோற்றது என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அம்மாவும் மனைவியும் கரையில் கூடை வைத்திருந்த பெண்ணிடம் மீன் விலை பேசி முடித்திருந்தார்கள்.

முதியோரோடு செல்பவர்களுக்குச் சிலவற்றைக் கூற வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடம் ஆண்களின் ஆசை. போகுமிடத்தில் பெண்களுக்குக் கழிப்பிடம் எங்கே என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். நம் பெண்கள் பலர் இதற்கு அஞ்சியே தண்ணீர் குடிக்காமல் வந்து, மறுநாள் படுத்துவிடுகிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் மழைக் காலம். நம் கரையோரத்தைத் தவிருங்கள். இந்தத் தொலைவுக்குக் கஸ்ர் இல்லை. ஆகவே லுஹர் எங்கே, அஸர் எங்கே என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். மாத்திரைகளைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். கட்டுச்சோற்றைப் பெண்களே விடியற்காலையில் எழுந்து சமைக்க வேண்டும் என்றால் அது அவர்களுக்குப் பயணமன்று, கடையில் வாங்குங்கள். அன்றிரவே ஒரு நோட்டில் எழுதிவைப்பதும் நல்லது. இப்னு பதூதா புகாராவில் எடுத்த குறிப்புகளைக் கடற்கொள்ளையரிடம் பறிகொடுத்தார். நாம் மறதியிடம் பறிகொடுக்கிறோம்.

கடிதம் எழுதிய சகோதரியே, தங்கள் கேள்விக்கு இதுவே என் பதில். ஆனால் ஒன்று. என் வீட்டுப் பெண்களைப் பற்றிக் கேட்ட தாங்கள், தாங்கள் எங்கே செல்ல விரும்புகிறீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் ஊர்ப்பெயரை எழுதுங்கள். வழியும், பேருந்தும், செலவும் விசாரித்து எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.