வரைபடத்தில் இடம்மாறும் கொம்பு

வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு 290 காசுகளை முதலாக வைத்து, அதன் பலிசையாக ஆண்டுதோறும் 580 கலம் நெல் அளக்கப் பணிக்கிறது. காசு ஒன்றுக்கு இரு கலம். தாமிரபரணிக் கரையின் இத்தகைய தரவுகளைப் பைத்தான் நிரலிலிட்டு, மேட்பிளாட்லிப் வழியாக வரைபடமாக்க முற்படும் ஆய்வாளர் முதலில் இடறுவது 'நெல்' என்ற சொல்லிலேயே.

யூனிகோடு தமிழை ஒலிவரிசையில் சேமிக்கிறது: நகரம் முன், எகரக் கொம்பு பின். கொம்பை நகரத்தின் இடப்பக்கம் கொண்டுவருவது எழுத்துருவாக்கப் பொறியின் வேலை. மேட்பிளாட்லிப்பின் இயல்பான பொறி நெடுங்காலமாக இவ்வேலையைச் செய்யவில்லை. ஆகவே கொம்பு நகரத்தை விட்டு லகரத்தை ஒட்டி நிற்கும். 'குறுணி'யின் உகரக் குறிகளும் தனித்துப் பிரிந்து கிடக்கும். அதே நூலகத்தில் இரு டாலர் குறிகளுக்கிடையே எழுதினால் ஆல்பாவும் வர்க்கமூலமும் அடுக்குப் பின்னமும் பிசகின்றி அமைகின்றன. கணிதக் குறியீட்டுக்கென ஒரு தனி அமைப்பையே எழுதியவர்களுக்கு இது இயலாத செயலன்று. கேட்பவர் குறைவாக இருந்தனர் என்றே கருதுகிறேன்.

கீழ்வாய் இலக்கங்களின் நிலை இன்னும் வியப்பானது. 2019இல் வெளிவந்த யூனிகோடு 12.0 முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களையும் அளவைக் குறிகளையும் சேர்த்து 51 உருக்களுக்கு இடமளித்தது. இவை தனித்து நிற்பவை; இடமாற்றம் வேண்டாதவை. உரிய எழுத்துரு இருந்தால் முந்திரிக் குறி படத்தில் செம்மையாகத் தோன்றும். வழக்கொழிந்த முந்திரி பிழைக்கிறது, அன்றாட நெல் சிதைகிறது!

இதற்கஞ்சி அச்சுப்பெயர்களை ஆங்கிலத்தில் இடுவதையும், 1/320 ஆகிய முந்திரியை 0.003125 எனத் தசமமாக்குவதையும் நான் ஏற்பதற்கில்லை. நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா என்னும் படிநிலை தசமத்தில் கண்ணுக்குப் புலப்படாது. நில அளவையை ஆராய்பவருக்கு அப்படிநிலையே சான்று. தமிழ்ப் பெயரைப் படமாக ஒட்டுவதும் தீர்வாகாது. அதைத் தேடவும் இயலாது. தரவு மாறுந்தோறும் மீண்டும் ஒட்டவும் வேண்டும்.

வழி இல்லாமலில்லை. மேட்பிளாட்லிப்பின் பிஜிஎஃப் வெளியீட்டு முறையில் ஸீலாடெக் இயங்குகிறது. தமிழ் எழுத்துருவைச் சுட்டி, வரிவடிவம் தமிழ் என அறிவித்தால் 'நெல்' நெல்லாகவே வரும், கணிதக் குறிகளும் கெடா. எம்பிஎல்கெய்ரோ என்னும் துணைநூலகமும் இதற்கு உதவும். ஸீலாடெக் முறை சற்று மந்தமானது. நூறு படம் வரைபவர் பொறுமை காக்க வேண்டும். ஆயினும் கல்வெட்டுப் பாடத்தில் ஒரு புள்ளி பிறழ்ந்தாலும் திருப்பியனுப்பும் மதிப்பீட்டாளர்கள், வரைபடத்தின் அச்சிலுள்ள எழுத்துக்கும் அதே கண்டிப்பைக் காட்டலாம்.