பழைய தென்னையும் புதுக் கன்றும்

பொள்ளாச்சிப் பக்கம் வயதான தென்னந்தோப்பைப் புதுப்பிப்பவர்கள், எல்லா மரத்தையும் ஒரே நாளில் வெட்டிவிட மாட்டார்கள். பழைய மரங்களுக்கு நடுவே கன்றை நடுவார்கள். கன்று வேர்பிடித்து நிமிர நிமிர, காய்ப்பு குறைந்த மரங்களை இரண்டு மூன்று வருடங்களில் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். கன்று நடத் தாமதித்தவர் தோப்பில், ஒரு கட்டத்தில் காயும் இருக்காது, கன்றும் இருக்காது.

சென்னை சூப்பர் கிங்ஸுக்கு 2025-ல் நேர்ந்தது கிட்டத்தட்ட இதுதான். ஐந்து முறை ஐ.பி.எல் கோப்பை வென்ற அணி, 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே ஜெயித்தது. முதன்முறையாகக் கடைசி இடம்!

சேப்பாக்கத்தில் பெங்களூருவிடம் 50 ரன்களில் தோற்ற அன்று, தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். 16 பந்துகளில் 30 ரன். விசில் பறந்தது. ஆனால், ஆட்டம் அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தது. அவரது முழங்கால் பழையபடி இல்லை என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே சொன்னார். அடுத்த சில நாள்களில் கேப்டன் ருதுராஜுக்கு முழங்கையில் காயம். பொறுப்பு மறுபடியும் 43 வயது தோனியின் தோளுக்கே வந்தது. 2022-ல் ஜடேஜா பாதியில் விலகியபோதும் இதேதான் நடந்தது.

கோவையில் பட்டறை, மில் நடத்தும் குடும்பங்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. சாவியை மகனிடம் கொடுத்துவிடுவார் அப்பா. ஆனால், ஒரு ஆர்டர் தவறினால் போதும், மறுநாள் காலையில் கல்லாவில் அவர்தான் உட்கார்ந்திருப்பார். அவர் மேல் தப்பில்லை. கூப்பிட்டால் வருகிறார். அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் அடுத்த ஆளைத் தயார் செய்யாமல் விடுவதுதான் வீட்டின் தப்பு.

சென்னைக்கு நல்லது நடந்ததும் தற்செயலாகத்தான். 17 வயது ஆயுஷ் மாத்ரே, பிரெவிஸ், உர்வில் படேல் மூவருமே காயம்பட்டவர்களுக்கு மாற்றாக, தொடர் நடக்கும்போது வந்தவர்கள். பெங்களூருவுக்கு எதிராக மாத்ரே 48 பந்துகளில் 94 அடித்தார். கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ரன்களில் சாய்த்தது அணி. அன்று பிரெவிஸ் 23 பந்துகளில் 57.

அதன் பிறகு நிர்வாகம் துணிந்தது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. டிசம்பர் ஏலத்தில், இந்தியாவுக்கு ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி ரூபாய் கொடுத்தது. ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 19.

கன்று நட்டாயிற்று. சாம்சனும் விக்கெட் கீப்பர்தான். அதனால் சில ஆட்டங்களிலாவது கையுறையை அவரிடம் கொடுத்துவிட்டு, தோனி வெளியே உட்கார்ந்து சொல்லித்தரலாம். அவர் இருக்கும்போதே அவர் இல்லாமல் ஜெயித்துப் பழகினால்தான் நாளைக்குத் தடுமாற்றம் இருக்காது.

ரசிகர்களுக்கும் இதில் வேலை உண்டு. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அதுவரை யாரும் கன்றைத் திட்டுவதில்லை, தண்ணீர்தான் விடுகிறார்கள். 19 வயதுப் பையன் பூஜ்யத்தில் அவுட்டாகித் திரும்பும்போதும் சேப்பாக்கத்தில் ஒரு விசில் கேட்கட்டும்.